பாதியில் வந்தவர்களை எடைபோடுவது எப்படி?

2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த அமெரிக்கக் கல்லூரி கால்பந்து இறுதி ஆட்டத்தில், எல்எஸ்யு அணிக்கு எட் ஓர்ஜரானும் கிளெம்சன் அணிக்கு டாபோ ஸ்வின்னியும் தலைமைப் பயிற்சியாளர்கள். இருவருமே அதே அணிகளில், முன்னவர் சீசன் நடுவே வெளியேறியதால் இடைக்காலப் பொறுப்பேற்று, பிறகு நிரந்தரமானவர்கள். எல்எஸ்யு 42-25 என்று வென்று, அந்த சீசனை 15-0 என முடித்தது.

இடைக்காலப் பயிற்சியாளர்களை வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. 2008 அக்டோபரில் டாமி பௌடன் விலகியபோது கிளெம்சன் 3 வென்று 3 தோற்றிருந்தது. பந்து பிடிக்கும் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த ஸ்வின்னி, அதற்கு முன் தாக்குதல் ஆட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பைக்கூட வகித்ததில்லை. அந்த சீசனின் எஞ்சிய ஆட்டங்களில் அவருடைய கணக்கு 4-3. லூக் ஃபிக்கெல் 2011-ல் ஒஹையோ ஸ்டேட்டில் எடுத்தது 6-7. அதே ஃபிக்கெல்தான் 10 ஆண்டு கழித்து சின்சினாட்டியை பிளேஆஃப் வரை கொண்டுபோனார். ஸ்வின்னி 2016, 2018 சீசன்களில் தேசியப் பட்டம் வென்றார்.

ஓர்ஜரானின் கதைதான் இதில் மனதை உறுத்துவது. எல்எஸ்யுவுக்கு வருமுன் அவர் யுஎஸ்சியில் உதவிப் பயிற்சியாளர். 2013 செப்டம்பர் இறுதியில், அரிசோனா ஸ்டேட்டிடம் 62-41 என்று தோற்றுத் திரும்பிய கையோடு, விமான நிலையத்திலேயே தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபினை யுஎஸ்சி நீக்கியது. இடைக்காலப் பொறுப்பேற்ற ஓர்ஜரான் கைக்கு வந்தது தண்டனையில் இளைத்த அணி. விதிமீறலுக்காக 3 ஆண்டுகளில் 30 உதவித்தொகை இடங்கள் பறிக்கப்பட்டிருந்தன. இடைக்காலப் பயிற்சியாளருக்குப் புதிதாக ஆள் எடுக்க வழியில்லை. இருப்பவர்களை நம்ப வைப்பது ஒன்றுதான் அவர் கையில் இருந்தது.

அதை அவர் எப்படிச் செய்தார் என்பதற்கு அந்த நவம்பரில் ஸ்டான்ஃபோர்டுடன் நடந்த ஆட்டமே சாட்சி. முன்னணித் தரவரிசையில் இருந்த எதிரணி, ஸ்கோர் 17-17, கடைசி நிமிடங்கள். நான்காவது முயற்சி, இன்னும் 2 யார்டு தேவை. உதைத்துப் பந்தை எதிரணியிடம் ஒப்படைப்பதுதான் பத்திரமான வழி. ஓர்ஜரான் ஆடச் சொன்னார். கோடி கெஸ்லர் எறிந்த பந்தை மார்கீஸ் லீ பிடித்தார். 19 விநாடி மிச்சமிருக்க, ஆண்ட்ரே ஹெய்டாரி 47 யார்டு தூரத்திலிருந்து உதைத்த ஃபீல்டு கோல் உள்ளே போனது. 20-17.

அவர் பொறுப்பில் இருந்த 8 ஆட்டங்களில் 6 வெற்றி. தோற்ற இரண்டும் பரம வைரிகளான நோட்டர் டேம், யுசிஎல்ஏ ஆகிய அணிகளிடம். டிசம்பர் 2-ல் நிரந்தரப் பயிற்சியாளராக ஸ்டீவ் சார்கீசியன் நியமிக்கப்பட்டார். ஓர்ஜரான் அன்றே விலகினார். சார்கீசியனை 2015 அக்டோபரில் சீசன் நடுவிலேயே நீக்கி, மறுபடியும் ஓர் இடைக்காலப் பயிற்சியாளரைத் தேடும் நிலை யுஎஸ்சிக்கு வந்தது. ஓர்ஜரானை விட்டது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

நீண்ட ஓட்டத்தில் ஸ்வின்னிக்கு நிகராக அவரை வைக்க முடியாது என்பதும் உண்மை. ஸ்வின்னி தன் உதவியாளர்களை ஆண்டுக்கணக்கில் கட்டிக்காத்தார். பிரென்ட் வெனபிள்ஸ் மட்டும் 10 சீசன் தடுப்பாட்டத்தைக் கவனித்தார். எல்எஸ்யுவின் பட்டத்துக்குப் பின் உதவிப் பயிற்சியாளர்கள் ஜோ பிராடியும் டேவ் அராண்டாவும் வேறு வேலைக்குப் போனார்கள், பந்தெறியும் நட்சத்திர ஆட்டக்காரர் ஜோ பர்ரோ தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே மிஸிஸிப்பி ஸ்டேட்டின் கே.ஜே. காஸ்டெல்லோ 623 யார்டு எறிந்து அந்தத் தடுப்பாட்டத்தைச் சின்னாபின்னமாக்கினார். 2020-ல் 5-5. 2021 சீசன் முடிவதற்குள்ளேயே ஓர்ஜரான் விலகுவது முடிவாகிவிட்டது.

15-0 சீசனில் பர்ரோ இருந்தார், பிராடி இருந்தார், தானே தேர்ந்தெடுத்த அணி இருந்தது. 2013-ல் இவை எதுவுமே இல்லை. ஓர்ஜரானின் ஆகச் சிறந்த பயிற்சி எது என்று என்னைக் கேட்டால், பட்டம் எதுவும் தராத அந்த 8 ஆட்டங்களையே சொல்வேன்.