‘நெருப்பருகே வைக்காதே’ என்றால் போதுமா?

மரக்காணத்து உப்பளங்களில் நடப்பது என்ன? உவர்நீரைப் பாத்திகளில் தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுபோகின்றன. ஏறத்தாழ 3 டிகிரி போமே அடர்த்தியுள்ள கடல்நீர் 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. அங்கே யாரும் நீரைக் கொதிக்க வைப்பதில்லை. ஒரு திரவம் கொதிக்காமலேயே காற்றில் கலந்து மறையும் என்பதை இவ்வூர் மக்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அதுவே அவர்களின் தொழில்.

இப்படிப்பட்ட கரையோரத்தில் ஒரு கொட்டகை இருப்பதாகக் கொள்வோம். உள்ளே கையால் தூக்கிச் செல்லும் சிறு பெட்ரோல் பம்பு. அருகில், முன்பு சமையல் எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேனில் நாலைந்து லிட்டர் பெட்ரோல். பம்பின் மேல் ஓர் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கிறது: ‘நெருப்பருகே வைக்காதே.’

இந்த எச்சரிக்கையைத்தான் இங்கே ஆராய எண்ணுகிறேன். அது தவறன்று. ஆனால் அறிய வேண்டியதில் பாதியைக்கூட அது சொல்லவில்லை.

எரிவது எது?

பெட்ரோல் எரிகிறது என்கிறோம். உண்மையில் எரிவது திரவமன்று. அதன் ஆவி காற்றோடு கலந்த கலவையே. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒரு திரவம் ஆவியை வெளியிடத் தொடங்கும் வெப்பநிலை ஒன்று உண்டு. மண்ணெண்ணெய்க்கு அது 35 டிகிரி செல்சியஸுக்கு மேல். பெட்ரோலுக்கோ சுழிக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி! அதாவது, நம் ஊரில் எந்த மாதத்தில், எந்த வேளையில் கேனைத் திறந்தாலும் பற்றத் தயாரான ஆவி இருந்தே தீரும். மண்ணெண்ணெய் விளக்கோடு பழகிய கையும் மனமும் பெட்ரோலையும் அதைப்போலவே நடத்துவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இதனால் விளங்கும்.

காற்றில் இந்த ஆவி பருமனளவில் ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் பற்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் சுமார் 200 லிட்டர் ஆவி கிடைக்கும். அது காற்றில் 1.4 சதவீதமாகப் பரவினால் 14,000 லிட்டருக்கு மேற்பட்ட கலவை உண்டாகும். எட்டடி நீளம், எட்டடி அகலம், எட்டடி உயரமுள்ள அறையின் கொள்ளளவும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு கொட்டகை முழுவதையும் வெடிகலவையாக்கப் போதுமானது.

ஆனால் ஆவி அறை முழுவதும் சீராகப் பரவுவதில்லை. அது காற்றைப்போல் மூன்று நான்கு மடங்கு கனமானது. எனவே தரையோடு தங்கி, வாய்க்காலில் நீர் ஓடுவதுபோலப் பள்ளம் நோக்கி நகரும். வாசற்படி தாண்டி அடுத்த குடிசையின் அடுப்பைத் தொட்டுவிட்டால், தீ அந்த வழியாகவே கேன் வரை திரும்பி வரும். இதற்கு ஒரு லிட்டர்கூடத் தேவையில்லை.

‘நெருப்பருகே’ என்ற சொல்லின் குறை இப்போது புரிகிறதல்லவா? அருகு என்பது எத்தனை அடி? கண்ணுக்கு நெருப்பே தெரியாத இடத்தில் என்ன செய்வது? மின்விசையைப் போடும்போது எழும் சிறு பொறியும், கொட்டகைக்குள் கிளப்பும் மோட்டார் சைக்கிளும் நெருப்புத்தான் என்று அந்த எச்சரிக்கை சொல்கிறதா?

வடித்த பின் எங்கே?

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு விளைச்சல் நின்றுவிடும். பல வாரங்கள் பம்புக்கு வேலை இராது. ‘நெடுநாள் பயன்படுத்தாவிடில் எரிபொருளை வடித்துவிடுக’ என்கின்றன எஞ்சினோடு வரும் குறிப்பேடுகள். நல்ல அறிவுரைதான். ஆனால் வடித்ததை எதில் ஊற்றுவது, எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்ற கேள்விகளுக்குப் பதில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். எஞ்சினைக் காப்பதில் காட்டும் அக்கறையை எஞ்சின்காரரைக் காப்பதிலும் காட்ட வேண்டாமா?

இன்னொரு செய்தியும் உண்டு. 2025இல் நம் நாட்டில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. ஈரம் ஓர் அளவை மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சினுக்கு எரிபொருள் போகும் வழியும் தொட்டியின் அடியில்தான் இருக்கிறது! கடற்காற்று வீசும் ஊரில் பெட்ரோலைப் பருவம் முழுவதும் சேமிப்பது எஞ்சினுக்கும் கேடு. வடித்ததைச் சில நாட்களுக்குள் வண்டியில் ஊற்றிச் செலவழித்துவிடுவதே அறிவுடைமை. சேமிக்காமல் இருப்பதே சிறந்த சேமிப்பு முறை என்பேன்.

சட்டமும் உப்புக்காற்றும்

சிறிதளவு வைத்தே தீரவேண்டுமென்றால்? 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், 8ஆவது பிரிவில், விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்க இடமளிக்கிறது. ஆனால் இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலத்தில்தான் வைக்க வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மிகக்கூடாது. உலோகம் 25 லிட்டருக்கு மிகக்கூடாது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இல்லை.

உலோகத்தைக் குறிப்பிட்டதில் நியாயம் இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும்போது உராய்வினால் மின்னூட்டம் பிறக்கிறது. தரைமேல் வைத்த உலோகக் கலத்தில் அது நிலத்துக்கு இறங்கிவிடும்; சாதாரணப் பிளாஸ்டிக்கிலோ தேங்கி நின்று பொறியாகலாம். ஆனால் உப்புக்காற்று உலோகத்தை விட்டுவைப்பதில்லை. துருப்பிடித்த அடித்தையல் வழியே கசிவு தொடங்கினால் சட்டப்படியான கலமே ஆபத்தாகிவிடும். அமெரிக்காவில் எரிபொருளுக்கென்றே பிளாஸ்டிக் கேன்கள் செய்கிறார்கள். அவற்றின் வாயில் தீ உட்புகாமல் தடுக்கும் வலை இருக்கவேண்டுமென 2020இல் தனிச்சட்டமே இயற்றினார்கள். அத்தகைய கேனுக்கும் எண்ணெய்க் கேனுக்கும் உள்ள வேறுபாட்டை நம் கடலோரத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்வது யார்? பட்டியலில் பிளாஸ்டிக்கைச் சேர்க்காமல் விடுவதால் பிளாஸ்டிக் கேன்கள் மறைந்துவிடப் போவதில்லை.

செய்யத்தக்கவை

குறை கூறியதோடு நிறுத்துவது முறையன்று. வடிக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை:

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வடியுங்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுங்கள். கலத்தைக் கையில் பிடிக்காமல் தரையில் வையுங்கள். உலோகப் புனல் கலத்தின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். கார்புரேட்டர்க் கிண்ணத்தில் தங்கியதையும் அதன் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். மூச்சுக்குழலில் இறங்கும் சிறிதளவு பெட்ரோலும் நுரையீரலைப் புண்ணாக்கும்.

கலத்தை முழுதும் நிரப்பாதீர்கள். பத்து லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் விரிவடையும். பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு, இறுக மூடி, நிழலில், வீட்டுக்கும் அடுப்புக்கும் எட்டத்தில் வையுங்கள். பலகைமேல் வைத்தால் உலோகத்தில் துரு தாமதமாகும். வாரமொருமுறை அடிப்பாகத்தைப் பாருங்கள்.

வெள்ளத்தையும் மறக்கலாகாது. 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மழைநீர் மரக்காணத்து உப்பளங்களை மூழ்கடித்தது. பெட்ரோல் நீரைவிட இலேசானது. கட்டாமல் வைத்த கேன் மிதந்து எங்கேயோ போய்ச் சேரும். மூடி தளர்ந்தால் பெட்ரோல் நீர்மேல் படலமாகப் பரவும். அந்தப் படலமும் எரியும். பழைய பெட்ரோலைப் பாத்திகளிலோ கழுவேலியிலோ கொட்டுவதும் கூடாது.

‘உழைப்பாளிக்கு இவ்வளவு இயற்பியல் எதற்கு? செய்யாதே என்றால் போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். காரணம் சொல்லாத கட்டளை, சூழ்நிலை மாறினால் பயனற்றுப் போகும். அடுப்பு அணைந்திருக்கிறது, ஆகவே கேனைத் திறக்கலாம் என்று ஒருவர் எண்ணினால் அவர் அந்த எச்சரிக்கையை மீறவில்லை. அதை அப்படியே நம்பினார் என்பதே உண்மை. வெயிலில் நீர் மறைவதை நாள்தோறும் பார்ப்பவருக்கு, கேனிலிருந்தும் அவ்வாறே ஒன்று வெளியேறித் தரையோடு நகர்கிறது என்று சொன்னால் நொடியில் புரியும்.

‘ஆவியாதலுக்கும் கொதித்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?’ என்று தேர்வில் கேட்கிறோம். மாணவர்களும் சரியாக எழுதுகிறார்கள். மாணவ நண்பர்களே, அந்த விடையை வீட்டிலுள்ள கேனின் மேலும் எழுத முடியும். ‘பெட்ரோல். இதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது. தரையோடு ஓடும். தூரத்துப் பொறியும் பற்றவைக்கும். வெளியில் மட்டும் திறக்கவும்.’ இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, இந்த வாரமே ஒட்டிவிடுங்கள்.