நோயறிதலும் காதலும்: பணீஷ்வர்நாத் ரேணுவின் 'மைலா ஆஞ்சல்' நாவலில் மருத்துவர் பிரசாந்த்

முன்னுரை

நகரத்தில் பயின்ற இளம் மருத்துவர் ஒருவர் சிற்றூருக்கு வருகிறார். அங்கே காதலையும் வாழ்வின் பொருளையும் கண்டு தங்கிவிடுகிறார். இந்தியக் கதைகளிலும் திரைப்படங்களிலும் பலமுறை கையாளப்பட்ட அமைப்பு இது. இதில் மருத்துவர் கொடுப்பவராகவும் ஊர் பெறுவதாகவும் அமைவர். காதல், அவர்தம் தியாகத்திற்கு ஊர் வழங்கும் பரிசாக முடியும். 1954ஆம் ஆண்டு வெளிவந்த பணீஷ்வர்நாத் ரேணுவின் இந்தி நாவலான 'மைலா ஆஞ்சல்' இவ்வமைப்பைக் கையாண்டு, அதனையே கேள்விக்கும் உட்படுத்துகிறது. இந்தி வட்டார நாவலின் முதன்மைச் சான்றாகக் கருதப்படும் இப்படைப்பின் பேச்சுவழக்கும் நாட்டார் கூறுகளும் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. இக்கட்டுரை, பிரசாந்தின் நோயறிதலுக்கும் காதலுக்கும் இடையிலான உறவையும், நாவலின் முடிவு அந்நோயறிதலுக்கு ஏற்ற விடையாகிறதா என்பதையும் ஆராய்கிறது.

ஊர்ப்பெயரில் உறையும் கதை

நாவல் பீகாரின் பூர்ணியா மாவட்டத்தில், மேரிகஞ்ச் என்னும் கற்பனையூரில், நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்கிறது. அவுரி பயிரிட்ட மார்ட்டின் துரை தம் இளம் மனைவி மேரியின் பெயரையே ஊருக்கு இட்டார். அவ்வூருக்கு வந்த சின்னாட்களிலேயே மேரி மலேரியாவால் இறந்தாள். மனைவிக்கு முன்பே மருத்துவமனை வந்திருக்க வேண்டும் என்று உணர்ந்த மார்ட்டின், ஊரில் மருத்துவமனை அமைய அலைந்தார். அது நிறைவேறாமலே மனம் பேதலித்து மடிந்தார். செயற்கைச் சாயத்தின் வரவால் அவுரித் தொழிலும் அழிந்தது.

ஒருவரின் தனிப்பட்ட காதல், ஊர் முழுமைக்குமான மருத்துவத்தை வேண்டி நின்று தோற்ற வரலாறு இது. பல்லாண்டுகள் கழித்து அதே ஊருக்குப் பிரசாந்த் வருகிறான். காதலால் மருத்துவத்தைத் தேடினார் மார்ட்டின். மருத்துவத்தால் காதலை அடைகிறான் பிரசாந்த். இவ்விரு கதைகளையும் எதிரெதிரே வைத்து வாசிக்கும்போதே, ஒரு மனிதனின் அன்பு ஊரின் நோயைத் தீர்க்குமா என்னும் நாவலின் அடிப்படைக் கேள்வி புலனாகிறது.

பெயரற்ற பிறப்பும் புதிய உறவும்

பாட்னாவில் மருத்துவம் பயின்ற பிரசாந்த், வெளிநாட்டு உயர்கல்விக்கான உதவித்தொகையை மறுத்து, மலேரியா, காலா அசார் ஆகிய நோய்களை ஆராய மேரிகஞ்சுக்கு வருகிறான். இதனை லட்சியத் துறவாகக் கொள்வது பொருந்தாது. புதிய ஆய்வு முடிவொன்றைக் கண்டறிய வேண்டும் என்னும் ஆவல் அவனிடம் வலுவாகவே உள்ளது. ஊரை அவன் முதலில் காண்பதும் ஆய்வுக்களமாகத்தான்.

அவன் கோசி வெள்ளத்தில் பானையில் இட்டு விடப்பட்ட குழந்தை, பெற்றோரை அறியாதவன். சாதி கேட்கும் ஊராரிடம், தன் சாதி டாக்டர் என்கிறான். பட்டறிவு மிக்க அங்கதமாகத் தோன்றும் இவ்விடையில் ஓர் இழப்பும் கலந்துள்ளது. ஊர் முழுதும் சாதிவாரியான தெருக்களாகப் பிரிந்து கிடக்க, எத்தெருவுக்கும் உரியவனல்லாத ஒருவனே எல்லாத் தெருக்களுக்கும் செல்ல இயல்கிறது.

'ஆஞ்சல்' என்னும் சொல் முந்தானையையும் நிலப்பகுதியையும் ஒருங்கே குறிக்கும். 'மைலா' என்பது அழுக்கேறியது. தாயின் முந்தானையை அறியாத ஒருவன், தன்னை ஆற்றில் விட்ட கோசிக் கரையின் அழுக்கேறிய முந்தானையையே வந்தடைகிறான். தலைப்பின் இவ்விரு பொருளும் பிரசாந்திடம் ஒன்றுபடுகின்றன.

அவன் காதல் தாசில்தாரின் மகள் கமலியிடம் மட்டும் நிகழ்வதன்று. ஊர் சூனியக்காரி என்று ஒதுக்கிய மூதாட்டியை அவன் சித்தி என்று அழைக்கிறான். பெற்ற தாயை அறியாதவன் தானே தேர்ந்துகொண்ட முதல் உறவு அது. ஆயினும் தன் குழந்தையின் சாவுக்கு அவளே காரணம் என்று நம்பியவனால் அவள் கொல்லப்படுகிறாள். நுண்ணோக்கி வைத்திருப்பவனால் அவளைக் காக்க இயலவில்லை. மருத்துவரை மீட்பராகக் காட்டும் பழகிய அமைப்பு உடையும் இடம் இதுவே.

கிருமியிலிருந்து வறுமைக்கு

ஆய்வின் போக்கில், நோயின் மெய்யான கிருமிகள் வறுமையும் அறியாமையுமே என்னும் முடிவுக்குப் பிரசாந்த் வருகிறான். இதனை உணர்ச்சிவயப்பட்ட அரசியல் முழக்கமாகக் கருதுவோர் உளர். மருத்துவ வரலாறு வேறு கூறுகிறது. காலா அசார் நோயின் ஒட்டுண்ணியை லெய்ஷ்மன், டோனவன் ஆகியோர் 1903ஆம் ஆண்டு தனித்தனியே அறிவித்தனர். டோனவன் சென்னையில் பணியாற்றியவர். அதற்கான யூரியா ஸ்டிபமைன் மருந்தை உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களின் தொடக்கத்திலேயே கல்கத்தாவில் உருவாக்கிவிட்டார். எனவே நாவல் நிகழும் காலத்தில் கிருமியும் அறியப்பட்டிருந்தது, மருந்தும் இருந்தது. மனிதர்கள் இறந்துகொண்டே இருந்தனர். நோயைப் பரப்பும் மணல் ஈ, மண்சுவர்களின் விரிசல்களிலும் ஈரம் மிக்க மாட்டுக்கொட்டில்களிலும் தங்குவது. குடிசையின் சுவரே நோயின் இருப்பிடமாகிறபோது வறுமையைக் கிருமி என்பது உருவகமன்று, துல்லியமான நோயறிதல். நாவல் வெளிவந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் இந்தியாவில் இந்நோயின் சுமையை மிகுதியாகத் தாங்கிய மாநிலம் பீகாரே என்பது இங்கு நோக்கத்தக்கது.

இம்முடிவு ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறந்திருக்க இயலாது. கமலியின் மயக்கநோயை அணுகும்போதும், சித்தி என்றழைத்தவளின் முற்றத்தில் அமரும்போதும் பிரசாந்த் மனிதரை மாதிரியாகக் காணும் பார்வையை இழக்கிறான். அன்பு அவன் ஆய்வின் எல்லையை விரிக்கிறது. ரேணு தாமே பாட்னா மருத்துவமனையில் நெடுநாள் நோயாளியாய் இருந்தவர். தம்மைப் பேணிய செவிலியர் லதிகாவை மணந்தவர். மருத்துவத்தை நோயாளியின் கட்டிலிலிருந்து அறிந்த ஒருவரின் பார்வை நாவலில் உண்டு.

முடிவின் சிக்கல்

சிக்கல் இங்கேதான் எழுகிறது. வறுமையே நோய் எனில், ஊரில் அந்நோயை வளர்ப்பவர்களுள் முதன்மையானவர் நிலம் குவித்த தாசில்தார் விசுவநாத பிரசாத். அவர் மகளையே மருத்துவன் காதலிக்கிறான். நிலத்துக்காகப் போராடிய சந்தால்கள் மோதலுக்குப் பின் தண்டனை பெறுகின்றனர். பிரசாந்தும் ஐயத்தின் பேரில் சிறைப்படுகிறான். கமலி அவனுடைய மகனை ஈன்றெடுக்கிறாள். பேரன் பிறந்த மகிழ்ச்சியில் தாசில்தார் நிலத்தைத் திருப்பித் தருவதாக அறிவிக்கிறார். விடுதலையாகி வந்த பிரசாந்த் அங்கேயே தங்கிப் பணியாற்ற உறுதி கொள்கிறான்.

உரிமையாகக் கேட்டபோது குருதி சிந்தச் செய்த நிலம், தாத்தாவின் மகிழ்ச்சியில் கொடையாக வருகிறது. கொடுப்பவரின் மனநிலையைச் சார்ந்த கொடை, பிரசாந்த் கண்ட நோய்க்கு மருந்தாகாது. இவ்வகையில், அறிவால் அடைந்த முடிவினின்று காதல்கதையின் தேவைக்காக நாவல் பின்வாங்குகிறது எனலாம்.

எனினும் ரேணு தம் வாசகரை முழுமையாக ஆறுதல்படுத்தவில்லை. எல்லையில் கள்ளக்கடத்தல் வண்டிகளைத் தடுத்து நின்ற காந்தியத் தொண்டர் பாவன்தாஸ் அவ்வண்டிகளாலேயே நசுக்கப்பட்டு இறக்கிறார். குழந்தையின் பிறப்பு அச்சாவை ஈடுசெய்வதாக நாவலில் எங்கும் சொல்லப்படவில்லை.

தாராசங்கர் பந்தோபாத்யாயின் 'ஆரோக்கிய நிகேதன'த்தோடு இதனை ஒப்பிடலாம். த. நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழ் வாசகர் அறிந்த அவ்வங்க நாவலில், ஊருக்கு வரும் இளம் மருத்துவர் பிரத்யோத், நாடி பார்க்கும் முதிய மருத்துவர் ஜீவன் மஷாயிடம் மரணத்தை மதிக்கக் கற்கிறார். அங்கு ஊர் கற்பிப்பது மரணத்தை ஏற்கும் பக்குவம். மேரிகஞ்ச் கற்பிப்பதோ தவிர்த்திருக்கக்கூடிய மரணத்தை ஏற்க மறுக்கும் சினம்.

முடிவுரை

பிரசாந்தின் காதல் அவன் பணிக்குக் கிடைத்த பரிசன்று. நோயைச் சரியாகக் காண அவனுக்கு வாய்த்த வழி. ஆனால் நோயைக் காண உதவிய அன்பு அதனைத் தீர்க்கப் போதுமானதாக இல்லை. மார்ட்டினின் அன்பு மருத்துவமனையைக் காணாமல் மடிந்தது. பிரசாந்தின் அன்பு மருத்துவமனையோடும் போதாமல் நிற்கிறது. இப்போதாமையை மறைக்க முயலும் முடிவையும், மறையவிடாத நிகழ்வுகளையும் ஒருசேரக் கொண்டிருப்பதே 'மைலா ஆஞ்சல்' நாவலின் குறையும் பெருமையும் ஆகும். நகர மருத்துவர் சிற்றூருக்கு வரும் கதைகளை ஆராய்வோர், அவர் அங்கே எதைப் பெற்றார் என்பதோடு, அவர் கண்டறிந்த நோய்க்கு ஊரில் என்ன நேர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும்.