அலெக்சாண்டர் ரீயின் ஆதிச்சநல்லூர்ப் பட்டியல்: ஒரு மதிப்பீடு

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூர், இரும்புக்கால ஈமக்காடு. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் இங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். அடுத்து விரிவாக அகழ்ந்த அலெக்சாண்டர் ரீயின் பொருட்பட்டியல் 1915-இல் சென்னையில் வெளியானது. பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்பு ஆயுதங்கள், மட்கலங்கள் ஆகியவற்றை விவரிக்கும் இந்நூல் ஆய்வாளர்களுக்கு இன்றும் இன்றியமையாதது.

எனினும், இதன் வகைப்பாடு பொருளை முன்னிறுத்துகிறது, புதைக்கப்பட்டவரை அல்ல. எந்தத் தாழியில் எவை சேர்ந்திருந்தன, எந்தத் தாழி முந்தையது என்பவற்றைப் பெரும்பாலும் இதிலிருந்து அறிய இயலவில்லை. எனவே பொன் யாருக்கு உரியது, அச்சமூகத்தில் ஏற்றத்தாழ்வு இருந்ததா என்ற கேள்விகளுக்கு இந்நூலை மட்டும் கொண்டு விடைகாண முடியாது. மாணவர்கள் இதை 2004-05 அகழாய்வுச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் படிப்பதே பொருத்தம்.