கல்லறையில் கிடக்கும் பாட்டில் குப்பையா?

2005-ல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. எண் எச். 3777. ஜியோகேச்சிங்கையும் அதன் பாட்டன் முறையான லெட்டர்பாக்ஸிங்கையும் கல்லறைத் தோட்டம், தொல்லியல் இடம், வரலாற்றுப் பலகை நட்ட இடம் ஆகியவற்றில் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் செய்வது குற்றம் என்றது அது. கொண்டுவந்தவர் பியூஃபோர்ட் பகுதி உறுப்பினர் கேத்தரின் சீப்ஸ். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் தேங்கி, சட்டமாகாமலே போனது. ஆட்டக்காரர்கள் ஜெயித்தார்கள்னு வச்சுக்கலாம். ஆனால் அவர்களுடைய வாதங்கள் எல்லாமே தேறுமா?

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகனில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, இடத்தின் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போட்டார். தேடிக் கண்டுபிடி, நோட்டில் பெயர் எழுது, மறுபடி அங்கேயே வை. அவ்வளவுதான் ஆட்டம். லெட்டர்பாக்ஸிங் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டார்ட்மூரில் தொடங்கியது, அதற்கு ஜிபிஎஸ் தேவையில்லை.

ஆட்டக்காரர்களின் முதல் வாதம் வலுவானது. கல்லறையைச் சேதப்படுத்துவதைத் தண்டிக்க தென் கரோலினாவில் ஏற்கெனவே கடுமையான சட்டம் இருக்கு. கேமராவோடு வருபவர், வம்சாவளி தேடி வருபவர், சும்மா நடக்க வருபவர் யாரையும் தொடாமல், கையில் ஜிபிஎஸ் இருப்பவரை மட்டும் ஏன் பிடிக்கணும்? செய்த சேதத்தை விட்டுவிட்டு வந்த நோக்கத்தைக் குற்றமாக்குவது மோசமான சட்டம். வரலாற்றுப் பலகை விஷயமும் அப்படித்தான். சாலையோரத்தில் நிற்கும் பலகை சில நேரம் ஒரு தெருவையே குறிக்கும். அந்தத் தெருவுக்கு யாரிடம் போய் எழுதி வாங்குவது?

இரண்டாவது வாதத்தில்தான் எனக்கு இடிக்குது. "நாங்க போற இடத்துல குப்பையைப் பொறுக்கிட்டு வர்றோம், கைவிடப்பட்ட இடுகாடுகளைச் சுத்தம் பண்றோம்" என்பது அது. உண்மைதான். டப்பா தேடப் போகும்போது குப்பையை அள்ளி வருவது இவர்களிடம் ஒரு இயக்கமாகவே இருக்கிறது. பல காடுகளுக்கும் பூங்காக்களுக்கும் நல்லது செய்த இயக்கம்.

ஆனால் இந்த மசோதா எந்த மண்ணிலிருந்து வந்தது என்று பாருங்கள். பியூஃபோர்ட் மாவட்டம் கல்லா மக்களின் தீவுகள் இருக்கும் பகுதி. பருத்தித் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததி அவர்கள். இடுகாடுகள் பெரும்பாலும் மரங்களுக்கு நடுவில், நீர்க்கரையோரம் இருக்கும். இறந்தவர் கடைசியாகப் பயன்படுத்திய கோப்பை, பாட்டில், விளக்கு, கடிகாரம் இவற்றைக் கல்லறை மேல் வைப்பது அவர்களுடைய பழைய வழக்கம். பல நேரம் உடைத்தே வைப்பார்கள். அந்தப் பொருள் உடைந்தால் சாவின் சங்கிலியும் அறுந்துபோகும், குடும்பத்தில் அடுத்தவர் பின்னாலேயே போகமாட்டார் என்பது அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. கடற்சிப்பிகளையும் பரப்பி வைப்பார்கள்.

இப்போது வெளியூரிலிருந்து நல்ல மனசோடு குப்பைப் பையும் எடுத்துக்கொண்டு வருகிற ஒருவரை அங்கே நிறுத்திப் பாருங்கள். உடைந்த பாட்டில், ஓடாத கடிகாரம், புதர். அவர் என்ன செய்வார்? சுத்தம் செய்வார்! கல்லை உதைக்கிற குடிகாரனாவது தப்பு செய்கிறோம்னு தெரிஞ்சு செய்வான். அந்த இடத்தில் கொண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை ஒளித்து வைத்தால் இன்னொரு சிக்கல். எது படையல், எது விளையாட்டுச் சாமான் என்று தேடுகிறவருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்.

அப்படின்னா மசோதா சரிதானே? இல்லை. அது கேட்டது உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் ஒப்புதலை. அதே மாவட்டத்தில் இருக்கும் ஹில்டன் ஹெட் தீவில் நிலம் பெரும்பாலும் ரிசார்ட்டுகளிடம் போய்விட்டது. சில பழைய கல்லா இடுகாடுகள் இன்று காவல் போட்ட குடியிருப்புகளுக்குள் இருக்கின்றன. தாத்தாவின் கல்லறையைப் பார்க்கப் போகிற பேரனே வாசலில் நின்று காரணம் சொல்லித்தான் உள்ளே போகணும். பத்திரம் ஒருவர் கையில், புதைந்திருப்பது இன்னொருவரின் முன்னோர். மசோதாப்படி கையெழுத்துப் போட வேண்டியவர் பத்திரக்காரரோ அவர் வைத்த நிர்வாகியோதான். வாரிசுகளுக்கு அதில் ஒரு வரிகூட இடமில்லை. ஆட்டக்காரர்கள் எழுதியதில் நான் படித்தவரை அவர்களும் இதை எடுக்கவில்லை. இரண்டு தரப்புமே நிலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் தீர்வு விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. டப்பாவே இல்லாத எர்த்கேச் என்ற வகையை 2004-லேயே அமெரிக்க நிலவியல் சங்கம் தொடங்கிவிட்டது. இடத்தைப் பார்த்து, கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். இன்னொரு வழியும் பழக்கத்தில் உண்டு. கல்லில் இருக்கும் ஆண்டுகளைப் படித்துக் கணக்குப் போட்டால் வேறொரு இடத்தின் ஆயத்தொலைவு கிடைக்கும், டப்பா அங்கே தள்ளி இருக்கும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் பொதுப் பட்டியலில் ஒரு இடுகாட்டின் பெயரைப் போட்டாலே ஆள் வரத்தான் செய்யும். போடலாமா என்று அந்தக் குடும்பங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஊரில் உள்ள தேவாலயத்தில் போய் விசாரித்தால் யாரைக் கேட்கணும்னு சொல்லிடுவாங்க.