வீட்டிலேயே ஜீப் சம்ப்: எதுவரை நம் வேலை?

சமணர்மலை அடிவாரத்தில், கீழக்குயில்குடி சுற்றுவட்டாரத்தில் ஃபோர்வீல் ஜீப் வைத்திருப்பவருக்கு எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் தீராத கவலை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில் ஒரு முறை போய் வந்தாலே போதும், வண்டியின் அடிவயிறு அடி வாங்கிவிடும். தகரம் நசுங்கும், பேக்கிங் கசியும், ட்ரெயின் போல்ட்டின் மரை தேயும். இதை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலிலேயே பழுதுபார்க்கும் வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு.

வீட்டு வேலையின் முதல் பலம் நிதானம். சம்ப்பின் விளிம்பில் சொட்டும் ஆயில் எல்லாம் சம்ப்பிலிருந்து வருவதில்லை. மேலே டேப்பெட் கவரில் கசிந்தாலும், பின்னால் கிராங்க் ஆயில் சீல் போனாலும், ஆயில் வழிந்து வந்து நிற்கும் இடம் சம்ப் விளிம்புதான். அடிப்பாகத்தை டீசல் விட்டுக் கழுவித் துடைத்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். நான்கு வண்டி வரிசையில் நிற்கும் பட்டறையில் இதற்கு நேரம் கிடைப்பது அரிது. பேக்கிங்கை மாற்றிய பிறகும் கசிவு நிற்காததற்குப் பல நேரம் இதுவே காரணம்.

கழற்றிய சம்ப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அளவுக்கு மீறி முறுக்கியதால் போல்ட் துளைகளைச் சுற்றித் தகரம் பிதுங்கியிருக்கும். அதைச் சமமான கட்டையில் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டி மட்டமாக்காமல் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. சிலிகோன் பசையை மெல்லிய கோடாகத்தான் இட வேண்டும். அதிகமாக இட்டால் உள்ளே பிதுங்கியது அறுந்து, ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். ஆயில் பிரஷர் இறங்கி பேரிங் போய்விடும். போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பொறுமையுள்ள எவருக்கும் இது கைவரும்.

குறை தொடங்குவது வண்டியின் அமைப்பில். கார் சம்ப் போல இது எளிதில் இறங்காது. முன் ஆக்சில் குறுக்கே நிற்கிறது. லீஃப் ஸ்பிரிங் பட்டை வைத்த பழைய மஹிந்திரா ஜீப்பில், சேஸியைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால் இடம் கிடைக்கும். அப்போது ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தின் அடியில் ஆள் படுத்திருக்கிறார். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். மழை ஊறிய மண்தரையில் ஸ்டாண்டும் புதையும். அடியில் தடித்த பலகை அவசியம். முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் புதிய வண்டிகள் சிலவற்றில், முன் டிஃபரன்ஷியலையோ குறுக்குச் சட்டத்தையோ இறக்காமல் சம்ப் வெளியே வராது. அது பட்டறை வேலை.

விரிசல் விட்ட சம்ப்புக்கு வெல்டிங் வைப்பதும் அப்படியே. மடிப்பில் ஊறிய ஆயில் தீப்பிடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகலாம். அலுமினியச் சம்ப்புக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும். எம்-சீல் பூச்சு வண்டியை ஊர் கொண்டுவந்து சேர்க்கும் அவசர உதவி, அவ்வளவுதான்.

பலரும் கணக்கில் சேர்க்காதது கழிவு ஆயில். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் அதையும் அடக்கும். கரையானுக்கு என்று மரத்தில் பூசுவதும் வேலியோரம் கொட்டுவதும் ஊர்ப்பழக்கமாகிவிட்டன. மலையில் பெய்யும் மழை குளத்துக்கும் கண்மாய்க்கும் இறங்கும் ஊரில், வாசலில் கொட்டியதும் அதே வழியில்தான் போகும்.

பணம் மிச்சமாகும் என்பதும் பாதி உண்மையே. பேக்கிங், ஃபில்டர், புது ஆயில் எப்படியும் வாங்க வேண்டும். மிஞ்சுவது கூலி மட்டும். நல்ல ஸ்டாண்டு வாங்கினால் முதல் முறை அதுவும் கரையும். உண்மையான லாபம், வேலை ஒழுங்காக நடந்தது என்ற நிச்சயம்.

ஆகவே கசிவைக் கண்டுபிடிப்பது, தகரச் சம்ப்பைக் கழற்றி மட்டமாக்குவது, பேக்கிங் மாற்றுவது வரை வீட்டில் செய்யுங்கள். விரிசலையும் தேய்ந்த மரையையும் லேத்துக்காரரிடமோ வெல்டரிடமோ விடுங்கள். பாரம் தாங்க இரண்டு ஸ்டாண்டும், பழைய ஆயிலைப் பிடித்து முறையாகச் சேகரிப்பவரிடம் ஒப்படைக்க ஒரு கேனும் இல்லாதவர் முதல் போல்ட்டையே தொட வேண்டாம்.