பகடையைப் பிளந்து காட்டும் கதைகள்

304 ஆடத் தெரிந்தவருக்கு ஜப்பானிய மனப்போர் மங்காவைப் பற்றிப் பெரிய முன்னுரை வேண்டியதில்லை. முப்பத்திரண்டு சீட்டு, நாலு பேர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. இந்தக் கணக்கு ஆடுகிற எல்லாருக்கும் மனப்பாடம். தெரியாதது ஏலம் கேட்டவர் கவிழ்த்து வைத்த துரும்பு மட்டும்தான். ஹல்துமுல்லைப் பக்கம் மழை பிடித்தால் இலேசில் விடாது. அப்படியொரு நாளில் லயத்து இஸ்தோப்பில் சுற்றி உட்கார்ந்தவர்கள் அந்த ஒற்றைச் சீட்டுக்காகவே முகத்தைக் கல்லாக்குகிறார்கள், வேண்டுமென்றே தப்பாய் இறக்குகிறார்கள், எதிராளி எந்த இடத்தில் யோசித்தான் என்பதை ஞாபகத்தில் வைக்கிறார்கள். விதி வெளிச்சத்தில், மனம் இருட்டில். இந்த வகை மங்காவின் இலக்கணமும் இதுதான்.

இதற்கு மூத்தவர் நொபுயுகி ஃபுகுமோட்டோ. அவருடைய 'அகாகி' 1991இல் மாஜோங் ஆட்டக்காரர்களுக்கான பத்திரிகையொன்றில் தொடங்கி 2018இல்தான் முடிந்தது, 36 தொகுதிகள். அதில் வாஷிசு என்ற கிழக் கோடீசுவரனோடு நடக்கும் ஆட்டம், கதைக்குள் ஒரே இரவு. பத்திரிகையில் ஏறக்குறைய இருபது வருடம். நாலு காய்க்கு மூன்று கண்ணாடிக் காய்கள், ஆகவே எதிராளியின் கையில் முக்கால்வாசி தெரியும். பணயம் ஆடுகிறவனின் இரத்தம். ஃபுகுமோட்டோவின் சித்திரம் அழகில்லை, மூக்கும் தாடையும் கத்தியால் சீவியது போலிருக்கும். ஆனால் பயத்தை அவரைப் போல் வரைந்தவர் குறைவு. வாஷிசு ஆட்டத்தை அவர் அளவு மீறி இழுத்துவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் பக்கத்து வாசகர் தங்கி வாசிக்க வேண்டியது அவருடைய 'கைஜி'. 1996இல் தொடங்கியது. கைஜி ஒரு வெட்டிப்பயல். கூட வேலை செய்தவனுக்குப் பிணை கையெழுத்துப் போட்ட மூன்று இலட்சம் யென், வட்டி குட்டி போட்டு 38 இலட்சத்து ஐம்பதினாயிரமாய் அவன் தலையில் விழுகிறது. கடனைத் தீர்க்கக் கப்பலேறிச் சூதாடுகிறான். ஆளுக்கு மூன்று நட்சத்திரம், கல், காகிதம், கத்தரி என்று பன்னிரண்டு சீட்டு. மொத்தத்தில் எந்தச் சீட்டு எத்தனை மிச்சம் என்பதை ஒரு பலகை காட்டிக்கொண்டே இருக்கும். சின்னப் பிள்ளைகளின் கைவிளையாட்டு அந்தப் பலகையால் சந்தையாகிவிடுகிறது. சீட்டை வாங்கிப் பதுக்குகிறார்கள், நண்பனை விற்கிறார்கள்.

பிறகு நிலத்தடிச் சுரங்கம். கடன்காரர்களை வேலை வாங்கும் கம்பனி அங்கே தன் சொந்த நாணயத்தில் கூலி கொடுக்கிறது. பியரையும் கடலையையும் கொள்ளை விலைக்கு விற்பவன் தலையாள். அடுத்த மாதச் சம்பளத்தில் பாதியை இப்போதே கொடுத்து மீதியை விழுங்குபவனும் அவனே. கங்காணிக்கும் தோட்டத்துக் கடைக்கும் கடன்பட்ட தலைமுறைகளின் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தப் பக்கங்கள் கற்பனையாகத் தெரியாது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக, தன் கடன் தொகை எழுதிய 'துண்டு' தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும் என்ற முறை 1921இல்தான் ஒழிந்தது. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். தொழிலாளி போனது கடனின் பின்னால். டோக்கியோவில் எழுதப்பட்ட கைஜியை ஊவாவில் வாசிக்கும்போது கூடுதலாய் ஒரு நெருடல் இருப்பது இதனால்தான் என்பது என் எண்ணம்.

அந்தத் தலையாள் பகடை ஆட்டமும் நடத்துகிறான், தோற்காமல். நம் மரபில் தோற்காத பகடைக்காரன் சகுனி. தகப்பனின் எலும்பில் செய்த காய் அது என்று நாட்டார் கதை சொல்லும். ஆனால் தருமன் தோற்பதைப் பாரதம் நமக்கு விதியாகவும் வஞ்சமாகவும் காட்டுகிறது, வழிமுறையாகக் காட்டுவதில்லை. ஃபுகுமோட்டோ பகடையைப் பிளந்து காட்டிவிடுகிறார்: அதில் நான்கு, ஐந்து, ஆறு மட்டுமே உண்டு. கைஜி அதைக் கண்டதும் கூச்சல் போடுவதில்லை. அந்தச் சுற்றில் அவரவர் பகடையால் உருட்டலாம் என்று தலையாளின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்து, ஒன்று மட்டுமே பொறித்த பகடையை வெளியே எடுக்கிறான். இந்த மரபின் தரத்தை நிறுக்க எனக்கு இதைவிட நல்ல படிக்கல் கிடைக்கவில்லை. வெல்பவனுக்குத் தெரிந்ததெல்லாம் வாசகனுக்கும் முன்னமே காட்டப்பட்டிருக்க வேண்டும், அப்படியும் வாசகன் ஏமாற வேண்டும். கடைசிப் பக்கத்தில் புது விதியொன்றை நுழைத்து ஜெயிக்க வைப்பவன் ஆசிரியனே அல்ல, அவனும் ஒரு சகுனி.

இரண்டாவது பள்ளி ஷினொபு கைதானியுடையது. அங்கே வியர்வை குறைவு, கணக்கு அதிகம். 'லையர் கேம்' 2005 முதல் 2015 வரை, 19 தொகுதிகள். பொய்யே சொல்லத் தெரியாத நாவோ என்ற பெண்ணும், அகியாமா என்ற முன்னாள் மோசடிக்காரனும் அதில் கூட்டு. ஓர் ஆட்டத்தில் 22 பேர். ஒரு கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று வாக்களிக்க வேண்டும், சிறுபான்மை பிழைக்கும். ஊகம்தான் வழி என்று நினைக்கிறோம். அகியாமாவோ எட்டுப் பேரைச் சேர்த்து நாலு நாலாய்ப் பிரிக்கிறான். 22இல் சிறுபான்மை பத்துக்கு மேல் போகாது, அதில் இவன் ஆட்கள் நாலு. அவர்களை இரண்டிரண்டாய்ப் பிரித்தால் அடுத்த சுற்றில் மிஞ்சுவது நாலுக்குள், அதில் இரண்டு இவன் பக்கம். அதற்கடுத்த சுற்றில் ஒருவர், அவரும் இவன் ஆள். பிறகு பரிசைப் பங்கிட்டால் போதும். சிக்கல் என்னவென்றால், இந்த உத்தி இன்னொரு மூளைக்கும் தோன்றியிருக்கும். கைதானியின் பழைய 'ஒன் அவுட்ஸ்' பேஸ்போல் பந்தெறிபவன் ஒருவனின் சம்பள ஒப்பந்தத்தையே சூதாக்கியது. ஓர் ஆளை வெளியேற்றினால் 50 இலட்சம் யென் வரவு, ஓர் ஓட்டம் கொடுத்தால் ஐந்து கோடி செலவு. கிரிக்கெட் பைத்தியமான இந்த நாட்டில் இப்படியொன்றை யாரும் எழுதிப் பார்க்கலாம்.

'டெத் நோட்' (2003–2006) ஊரறிந்தது. ட்சுகுமி ஓபா எழுத, தகேஷி ஒபாதா வரைந்தார். கொலைகாரன் யாரென்று முதல் பக்கத்திலேயே தெரியும், பிடிபடுவானா என்பதே கேள்வி. அதில் எல் என்னும் துப்பறிவாளன் உலகெங்கும் ஒளிபரப்பு என்று அறிவித்து, ஒரு மரண தண்டனைக் கைதியைத் தன் இடத்தில் உட்கார வைத்து, கொலைகாரனைச் சீண்டுகிறான். கைதி செத்து விழுகிறான். உண்மையில் ஒளிபரப்பானது ஜப்பானின் கந்தோ வட்டாரத்தில் மட்டுமே. ஒரே சாவில் எதிரியின் வட்டாரமும் தெரிந்தது, முகம் பார்த்துக் கொல்கிறவன் என்பதும் தெரிந்தது. இந்த ஓர் அத்தியாயம் போதும். எல் போன பிறகு வரும் பகுதி அந்த உயரத்தை எட்டவில்லை. சம எதிரி இல்லாவிட்டால் மனப்போர் வெறும் வேட்டை.

'ககெகுருய்' போன்றவற்றில் ஆட்டத்தை விட ஆடுபவர்களின் முகக்கோணலுக்கே பக்கம் அதிகம். 2021இல் உலகமே பார்த்த 'ஸ்குவிட் கேம்' கொரியத் தொடர், அதன் இயக்குநரே சொன்னபடி, 'கைஜி', 'லையர் கேம்' வாசிப்பிலிருந்து பிறந்தது. அதில் கடனின் வலி உண்டு, ஆனால் பெரும்பாலும் அதிர்ஷ்டமும் உடம்புமே முடிவு செய்கின்றன.

புதிதாய் வருபவர் 'லையர் கேம்' எடுக்கலாம், கையில் தாளும் பேனையும் வைத்துக்கொண்டு. அதன் பிறகு 'கைஜி'யின் கப்பலும் சுரங்கமும். தோஷியோ சாகோவின் 'உசோகுய்' 49 தொகுதி, 2006 முதல் 2017 வரை வந்தது. பந்தயத்துக்கு நடுவர் சங்கமே வைத்து, தோற்றவன் தப்பி ஓட முடியாதபடி கட்டிய உலகம். தொடக்கத் தொகுதிகளில் சித்திரமும் கதையும் தடுமாறும், அடிதடி மிகுதி. பொறுமையுள்ளவர் மட்டும் அதைக் கடைசியாக எடுக்கட்டும்.