நோயுற்றோர் அருகில் கேட்கவேண்டிய வினா

கடந்த ஆண்டில் நாம் படித்த உரைநடை நூல்களுள் திருப்பணியாளர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது எது என்று வினவினால், அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் அதுல் கவாண்டே 2014-இல் வெளியிட்ட ‘பீயிங் மார்ட்டல்’ என்னும் ஆங்கில நூலையே முதலில் குறிப்பிடுவோம். முதுமையையும் மரணத்தையும் பற்றிய இந்நூல், மருத்துவருக்கு மட்டுமன்றி, நோயுற்றோரைச் சந்திக்கும் ஆயருக்கும் உரியது.

நூலின் மையக் கருத்து எளிது. மருத்துவம் வாழ்நாளை நீட்டிக்கக் கற்றுக்கொண்டது. நோயாளி அந்நாள்களை எதற்காக விரும்புகிறார் என்று கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. இதனை ஆசிரியர் நிகழ்ச்சிகளால் விளக்குகிறார். 1991-இல் நியூயார்க் மாநிலத்தில் நியூ பெர்லின் என்னும் சிற்றூரின் முதியோர் இல்லத்திற்குள் பில் தாமஸ் என்ற இளம் மருத்துவர் 2 நாய்களையும் 4 பூனைகளையும் 100 பறவைகளையும் கொண்டுவந்தார். பேசமாட்டார் என்று கருதப்பட்டோர் பேசினர். ஒதுங்கிக் கிடந்தோர் நாயை உலாவ அழைத்துச் செல்ல முன்வந்தனர். அவர்களுக்கு வேண்டியிருந்த மருந்துச்சீட்டுகள், ஒப்பிடப்பட்ட மற்றோர் இல்லத்தில் இருந்தவற்றில் பாதியாயின. பராமரிக்கப்படுவோருக்கும் பராமரிக்க ஓர் உயிர் தேவை என்பது இதனால் பெறப்படும்.

நூலின் உயிர்நாடி, தண்டுவடத்தில் கட்டி கண்ட தம் தந்தையோடு ஆசிரியர் நடத்தும் உரையாடலாகும். இருவரும் மருத்துவரே, எனினும் பேசுவது எளிதாயில்லை. தம் நிலையை நோயாளி எவ்வாறு அறிந்திருக்கிறார்? எதற்கு அஞ்சுகிறார்? எதனை இழக்க இசைவார், எதனை இழக்க இசையார்? இவ்வினாக்கள் நம்மையும் தொடுகின்றன. வேதபகுதி வாசித்து, ஜெபித்து, விடைபெறுவதோடு நம் மருத்துவமனைச் சந்திப்புகள் பல முடிந்துவிடுகின்றன. நோயாளி சொல்ல விரும்பியது சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. அவர் சொல்வதைக் கேட்டபின் ஏறெடுக்கும் ஜெபமே அவருடைய ஜெபமுமாகும்.

ஆயினும் ஆசிரியரோடு நாம் ஓரிடத்தில் மாறுபடுகிறோம். இறுதிவரை தன் வாழ்வின் கதையைத் தானே எழுதுவதே மனித மாண்பு என்பது அவர்தம் அளவுகோல். மகாராஷ்டிரச் சிற்றூரில் உறவினர் சூழ ஏறத்தாழ 110 வயதுவரை வாழ்ந்த தம் பாட்டனாரைப் பற்றி அவரே எழுதுகிறார். ஆனால் அக்கூட்டு வாழ்வு இளையோரின் விருப்பத்தைக் கட்டுப்படுத்தியதைச் சுட்டி அதனைக் கடந்துவிடுகிறார். யோவான் 21:18-இல் பேதுரு கேள்விப்பட்டதோ வேறு. முதுமையில் அவர் தம் விருப்பத்தின்படியன்றிப் பிறர் கையில் நடத்தப்படுவார். பின்பற்றி வரும்படியான அழைப்பும் அச்சொல்லை அடுத்தே வருகிறது. ஆகவே, பிறர் கையில் இருப்பதும் ஒரு மாண்பே. எழுந்திருக்க இயலாத முதியவருக்கும், நினைவு தப்பிய தாய்க்கும், தம் கதையை எழுதும் ஆற்றல் இல்லை. அதனால் அவர்தம் மாண்பு குறையாது. இதனைச் சொல்லவேண்டியது மருத்துவ நூலன்று, நாமே.

இறையியல் மாணவர்கள், கடினமான உரையாடல்களைப் பற்றிய ஏழாம் அதிகாரத்தையேனும் படித்த பின்னர் மருத்துவமனைப் பயிற்சிக்குச் செல்வார்களாயின், நோயாளிகள் நன்மை பெறுவர்.